அண்ணியின் முகத்தில் நான் பூசியது

ஆறு மணிப் பூசைக்கு என்னை ஒரு ஞாயிறுகூடத் தூங்கவிடாத என் செசிலி அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியும். உங்களிடம் அதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். இங்கே குழம்பிப்போய்க் கிடப்பது நாங்கள்தான், அதிலும் முக்கியமாக நான்.

போன மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சின்ன வயதுச் சாமியார்தான் உட்கார்ந்திருந்தார். என்ன பாவம் என்று கேட்டார். செத்துப்போன என் அண்ணிக்கு ஃபவுண்டேஷன் போட்டுவிட்டேன் சாமி என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, அது பாவத்தில் சேராதேம்மா என்றார். பாவம் இல்லையென்றால் பதினோரு மாதமாக ஏன் என் மனசு அறுக்கிறது என்று கேட்டேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். எதற்காகச் சொல்கிறேன் என்று தெரியாமலே மூன்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். முப்பது வருஷமாக எனக்கு எது புரியாவிட்டாலும் உங்கள் முன்னால்தான் வந்து நின்றிருக்கிறேன். புருஷன் வேண்டாம் என்று ஒற்றைப் பையோடு பாலக்கரை வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று, என் கூடப் பிறந்த அண்ணனே வாசலில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். அவருடைய பெண்டாட்டியான நீங்கள்தான் பையை வாங்கி உள்ளே வைத்தீர்கள். ஸ்ரீரங்கத்தில் பியூட்டி பார்லர் வைக்கப்போகிறேன் என்றபோது, கோயில் ஊரில் வேதக்காரப் பெண்ணிடம் யார் வந்து தலையைக் கொடுப்பார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் அம்மா மண்டபம் ரோட்டில் என்னோடு வெயிலில் நடந்து கடை தேடினீர்கள். இன்றைக்கு அந்தக் கடையில் என்னோடு மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கல்யாண சீசனில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வியாழக்கிழமை நடந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் பார்க்கவில்லையே.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் உங்கள் முகம் மஞ்சளித்து, கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாயைச் சுற்றியும் இடது கண்ணைச் சுற்றியும் இருந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. தெருப் பெண்கள் குளிப்பாட்டி, அரக்கு கலர்ப் பட்டுப்புடவையைக் கட்டி, கையில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். வீட்டில் பார்லர்காரி இருக்கும்போது வேறு யார் தலை சீவுவது?

சீவிக் கொண்டை போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். என் கை நிற்கவில்லை. மேக்கப் பாக்ஸைத் திறந்து, புறங்கையில் இரண்டு ஷேடைக் கலந்து, உங்கள் உதட்டோரத்தில் முதல் பொட்டு வைத்தேன். குளிர்ந்த தோலில் க்ரீம் ஒட்டாது, திரிதிரியாக வரும். விரல் சூட்டில் இளக்கி இளக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் உங்களோடு பேசிக்கொண்டே செய்தேன். எவ்வளவு நாளாகக் கெஞ்சினேன், இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தீர்களே என்று உங்களைத் திட்டினேன். அழுதுகொண்டேதான் திட்டினேன்.

முடித்தபோது ஒரு திட்டுகூடத் தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அண்ணன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "கல்யாணத்தன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்கா, பிலோ" என்று என்னிடம் சொன்னார். என் இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அண்ணி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மத்தியானம் உங்கள் மகள் ஜெனி பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியிடம் ஓடியவள் அப்படியே நின்றுவிட்டாள். உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது எங்கம்மா இல்ல" என்றாள்.

பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து துப்பட்டா முனையை நனைத்துக்கொண்டு உங்கள் முகத்துக்கு நேரே குனிந்தாள். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோகிராஃபர் வேறு வந்து தயாராக நின்றார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுக்காமல் மூடமாட்டார்கள். அந்தப் படத்தில் எல்லோரும் உங்களைப் பார்க்கிறோம். ஜெனி மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அண்ணனுக்கு ஃபோன் செய்வாள். நான் எடுத்தால் வைத்துவிடுவாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அண்ணி.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் நான் செய்தது சரி என்று தோன்றுகிறது, மறுநாள் ஜெனி சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது.

அவள் பிறந்த மறுவருஷம்தான் உங்கள் உதட்டோரத்தில் முதல் புள்ளி வந்தது. எங்கள் அம்மா உங்களை விட்டுவைத்தாரா? வேளாங்கண்ணி எண்ணெய், மந்திரித்த தண்ணீர், வருஷத்துக்கு ஒரு நேர்ச்சை என்று படுத்தியெடுத்தார். நீங்களும் நாலைந்து வருஷம் எல்லாவற்றையும் பூசிக்கொண்டீர்கள். பிறகு ஒரு தவக்காலத்தில், இனிமேல் இதற்காக ஜெபம் செய்யமாட்டேன், ஆண்டவரிடம் கேட்க எனக்கு வேறு நிறைய இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகச் சொன்னீர்கள். அம்மா சாப்பிடாமல் எழுந்துபோனார். நீங்கள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டீர்கள்.

போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊர் முழுக்கப் பார்க்கிற முகம் உங்களுடையது. உங்கள் விரல் பட்டுவிடக் கூடாது என்று கவரைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். குஷ்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசிக்கிற பைபிள் வாசகத்தை வேறு யாராவது வாசிக்கலாமே என்று இரண்டு பேர் பதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த வாரம் நீங்கள் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றீர்கள். வழக்கத்தைவிட நிறுத்தி நிதானமாக வாசித்தீர்கள். நான்தான் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவருக்கு மேக்கப் வேண்டாம் என்பதுதானே அர்த்தம் என்று ஜெனி கேட்கலாம். அப்படியானால் சனிக்கிழமைகளை என்ன செய்வது?

அரை நாள் வேலை முடிந்ததும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி என் கடைக்கு வந்துவிடுவீர்கள். காவிரிப் பாலம் தெரிகிற பக்கமாக ஜன்னல் சீட்டுக் கிடைத்ததா என்பதுதான் முதல் செய்தியாக இருக்கும். பிறகு மூலை ஸ்டூலில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்களுக்கு நான் அலங்காரம் செய்வதை ஒரு குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்குக் காது அழகு, அதை முடியால் மூடாதே என்பீர்கள். சித்திரை வீதி மாமி ஒருத்தியின் நெற்றியோர நரையைப் பார்த்து, வெள்ளிச் சரிகை மாதிரி இருக்கிறதே, இதற்கு ஏன் டை அடிக்கிறீர்கள் என்று கேட்டு என் ஒரு வாடிக்கையைக் கெடுத்தீர்கள். அந்த மாமி இன்றுவரை டை அடிக்கவில்லை. அவர் உங்களை விசாரித்தபோது, நீங்கள் தவறிவிட்டதைச் சொன்னேன். "அடடா, என் கேசத்தை அழகுன்னு சொன்ன ஒரே மனுஷி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அலங்காரம் பிடிக்காதவர் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாரா? உட்காருங்கள், அரை மணியில் மறைத்துக் காட்டுகிறேன் என்று நான் எத்தனை சனிக்கிழமை கேட்டிருப்பேன். "போடீ, என் மூஞ்சி எனக்குப் பழகிப்போச்சு" என்பீர்கள். அது வேண்டாம் என்பதா, இன்னொரு தடவை வற்புறுத்து என்பதா? நாம் பெண்கள் இரண்டுக்கும் ஒரே பதிலைத்தானே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு காலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாமியார் உங்களுக்கு நற்கருணையில் ஆண்டவரைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். நீங்கள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாடையில் இரண்டு முடி நீட்டிக்கொண்டிருக்கிறது, பிடுங்கிவிடு என்றீர்கள். தண்ணீர் குடிக்கவே தெம்பில்லாத நேரம் அது. நான் கைப்பையிலிருந்து பிளக்கரை எடுத்துப் பிடுங்கினேன். கண்ணாடி காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது வரட்டும் என்றீர்கள். ஆண்டவர் வருவதற்குத் தாடையைச் சரிசெய்தவர், ஆண்டவரிடம் போவதற்கு முகத்தைச் சரிசெய்யச் சொல்லமாட்டாரா? அந்த இரண்டு முடியை நம்பித்தான் அண்ணி நான் மேக்கப் பாக்ஸைத் திறந்தேன். நம்பியது தப்பா?

இதற்கு நடுவில் ஜெனி என்ன செய்தாள் தெரியுமா? நாலு மாதத்துக்கு முன்னால் கடைப் பெண்கள் இன்ஸ்டாவில் காட்டினார்கள். உங்கள் படம். சமையலறையில் நீங்கள் அசந்த நேரத்தில் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு திட்டும் தெளிவாகத் தெரிகிறது. கீழே, எதையும் மறைக்காத என் அம்மா, பெண்ணின் முகத்தை அவளுக்கே சொந்தமாக விடாத இந்த உலகம் என்று பெரிதாக எழுதியிருந்தாள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் உங்கள் முகத்துக்கு இதயம் போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேமராவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவர் நீங்கள். வேண்டாம் என்றவரைப் பிடித்து நான் மூடினேன் என்றால், வேண்டாம் என்றவரைப் பிடித்து அவள் ஊருக்குக் காட்டுகிறாள். இவளை யார் கேட்பது? போதாததற்கு, என் தொழில் பெண்களை வெட்கப்படவைத்துப் பிழைக்கிற தொழில் என்று இன்னொரு நாள் எழுதுகிறாள். அதோடு வைத்த தன் படத்தில் சிவப்பு லிப்ஸ்டிக் போட்டிருக்கிறாள். அது தனக்காகப் போட்டுக்கொள்வதாம். என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் வேறு யாருக்காகவோ போட்டுக்கொள்கிறோம் என்று இவளிடம் சொன்னார்களா?

கோபத்தில் கேட்டுவிட்டேனே தவிர, அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியிடமும், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தியாவது பதில் சொல்ல வேண்டுமே. மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிக்கிற மாதிரி என்றாள் ஒருத்தி. அம்மாவைத்தான் கேட்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. உத்திர வீதியிலிருந்து பெண்ணைக் கூட்டிவந்த மாமி பொறுமையிழந்து, "நன்னா இருக்கணும், அவ்வளவுதான். இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். என் கடைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் என்னையே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஜெனி பேச வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் ஒரு கவரை நீட்டினார். உங்கள் குழிக்குக் கிரானைட் கல் சொல்லியிருந்தார், அதில் படம் செதுக்குவதற்காக ஸ்டுடியோவில் கொடுத்து வாங்கியிருந்தார். பெட்டியைச் சுற்றி எடுத்த படத்திலிருந்து உங்கள் முகத்தை மட்டும் வெட்டியெடுத்திருக்கிறார்கள். மூக்கிலிருந்த பஞ்சைக் காணோம். மூடியிருந்த கண்ணைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். யாருடைய கண்ணோ தெரியவில்லை, பெரிதாக, பளபளவென்று இருந்தது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். எப்படி இருக்கா பார் என்றார்.

இது எங்கள் அண்ணி இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது. ஜெனி அன்று சொன்ன அதே வார்த்தை. கண் ஸ்டுடியோக்காரர் வேலை, மீதி முகம் முழுக்க என் வேலை. அவர் செய்தது அசிங்கம் என்றால் நான் செய்தது மட்டும் என்ன? அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கல்லறைத் திருநாளன்று ஜெனி வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். கல்லறைத் தோட்டம் திருவிழா மாதிரி இருந்தது, எல்லாக் குடும்பமும் சுண்ணாம்பு வாளியும் செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாக வந்திருந்தார்கள். அண்ணன் உங்கள் குழியின் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தார். நான் புல் பிடுங்கினேன். பாதியில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கவரை எடுத்து மகளிடம் காட்டினார். அவள் அதை வாங்கவே இல்லை. தன் ஃபோனை எடுத்துச் சமையலறைப் படத்தை நீட்டி, கல்லில் இதைத்தான் வைக்க வேண்டும் என்றாள். அந்தத் திட்டோடு எப்படிம்மா வைப்பது என்று அண்ணன் கேட்டுவிட்டார்.

அதற்கு அவள் அவரிடம் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினாள். பதினோரு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "அம்மா உயிரோட இருந்தவரைக்கும் யாருக்காகவும் மறைக்கல. பேச முடியாமப் போனதும் நீங்க மறைச்சிட்டீங்க. அம்மாவுக்கு அதுல என்ன வெக்கம் இருந்துச்சு? வெக்கம் ஒங்களுக்கு."

அண்ணி, என் வாய் உங்களுக்குத் தெரியும். இதுவரை நான் சொன்னதெல்லாம் சின்னப் பாவம். பெரிய பாவத்தை அங்கேதான் செய்தேன். "யாருக்காகவும் மறைக்கலையா? ஒருநாள் மறைச்சாங்க. யாருக்காகன்னு ஒன்னையே கேட்டுப்பாரு" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லாதே என்று நீங்கள் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். ஜெனி எட்டாவது படிக்கும்போது, அவள் பள்ளி ஆண்டுவிழா அன்று, பெர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே என் கடைக்கு வந்தீர்கள். மறைத்துவிடு என்று நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் துள்ளிக் குதிக்காத குறையாகச் செய்து அனுப்பினேன். சாயங்காலம் விழா முடிந்து நேரே கடைக்கே திரும்பி வந்து, வாஷ்பேசினில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். அப்போதுதான் சொன்னீர்கள், அம்மா நீங்க வராதீங்க, எல்லாரும் பாப்பாங்க என்று அவள் சொன்னதை. பரிசு வாங்கியதும் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தோழிகளிடமெல்லாம் காட்டினாளாம். சின்னப் பிள்ளை, மறந்துவிடுவாள், இதை அவள் பெரியவளான பிறகு சொல்லிவிடாதே, தாங்கமாட்டாள் என்றீர்கள்.

அவள் மறந்திருக்கவில்லை. குனிந்து குழி மேலிருந்த செவ்வந்தி மாலையைச் சரிசெய்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"அன்னிக்கு ஸ்கூல்ல பாத்த மூஞ்சியத்தான், அத்தை, பெட்டிக்குள்ள பாத்தேன். செத்தப்புறமும் நான் சொன்னதக் கேட்டுக்கிட்டுப் பூசிட்டுப் படுத்திருக்காங்கன்னு நெனச்சேன். அதான் தொடைக்கப் போனேன்."

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மாதமாக என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், என் கைவேலை, என் பாவம், என் தூக்கம் என்று. அந்தப் பிள்ளை பெட்டிக்குள் எதைப் பார்த்தாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அண்ணன் சுண்ணாம்பு மட்டையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு இது தெரியாது. கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்லில் பெயரை மட்டும் வெட்டச் சொல்கிறேன் என்றார். அந்தப் படத்தை அவர் தூக்கிப்போடவில்லை, டிவி ஸ்டாண்டில் வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெனி ஊருக்குப் போகிற பையோடு வந்தாள். பெங்களூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றாள். மற்ற பெண்கள் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தபடியே கழுத்துத் துப்பட்டாவை விலக்கினாள். இடது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆறு மாதமாகிறதாம். டாக்டரிடம் காட்டிவிட்டாளாம், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். உங்கள் படத்தை ஊருக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். "அது ஊருக்கு எழுதுனது இல்ல அத்தை. எனக்கு நானே சொல்லிக்கிட்டது. எழுதினேனே தவிர, இன்னும் நம்ப வரல" என்றாள். அவள் லிப்ஸ்டிக்கைக் கேலி செய்த என் வாயை அப்போதே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை ஆபீஸில் ஐம்பது பேர் முன்னால் நின்று பேச வேண்டுமாம். "மறைக்கவா, விடவா? நீங்க சொல்லுங்க" என்று கேட்டாள்.

இதே நாற்காலியில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு யோசிக்காமல் பதில் சொன்னவள் நான். மறை என்றால் உங்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. மறைக்காதே என்று சொல்ல நான் யார்? அந்த ஐம்பது பேர் பார்க்கப்போவது என் கழுத்தையா? ஆண்டவரே என்றேன், அதற்கு மேல் ஜெபமும் வரவில்லை. உங்களுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று கை கைப்பைக்குப் போனது. பழக்கதோஷம்.

கடைசியில் அவள் நிறத்துக்கு இரண்டு ஷேடைக் கலந்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஸ்பாஞ்சோடு கையில் கொடுத்தேன். வேண்டுமென்றால் போட்டுக்கொள், வேண்டாமென்றால் தூக்கிப்போடு என்றேன். ஜெனி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது என் தோளில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் செய்தது சரியா? பதில் சொல்லத் தெரியாமல் தப்பித்துக்கொண்டேனா? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் செய்தாள். அண்ணனுக்கு அல்ல, எனக்கு. நன்றாகப் பேசினாளாம், எல்லோரும் கைதட்டினார்களாம். மேலதிகாரி என்ன சொன்னார், மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று பத்து நிமிஷம் சொன்னாள். டப்பாவைத் திறந்தாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. என் நாக்கு நுனியில் கேள்வி நின்றது. நான் கேட்கவில்லை அண்ணி. என் வாயை நான் அடக்கியது அனேகமாக அதுதான் முதல் தடவை.

எனக்கு இன்னும் எதுவும் தெளியவில்லை. ஒன்றை மட்டும் உங்களிடம் வாக்காகத் தருகிறேன். உங்கள் பிள்ளை மூடச் சொல்கிற அன்று மூடித் தருவேன், கழுவச் சொல்கிற அன்று பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். அவளைக் கேட்காமல் அவள் முகத்தில் விரல் வைக்கமாட்டேன், அவள் கண்மூடிப் படுத்திருந்தாலும் சரி. உங்களைத்தான் கேட்காமல் தொட்டுவிட்டேன். அதை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் பையை வாங்கி உள்ளே வைத்த அதே வீட்டிலிருந்து,
உங்கள் நாத்தனார்,
ஜெனியின் அத்தை,
பிலோமினா